வாசல் வரைக்கும் சாந்தம்!

பைக் பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆம்பூர் பைபாஸில், போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பின் சக்கரத்தில் ஆணி. (ஷூ தைக்கிற ஊரில் ஆணிக்கா பஞ்சம்!) வண்டியைக் கடையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம். யார் வீட்டில் இவ்வளவு கலாட்டா என்று எட்டிப் பார்த்தால்... நம்ம வீடு! அஞ்சாவது படிக்கும் என் மகள் நடுக்கூடத்தில் நின்று யாரையோ மிமிக்ரி பண்ணிக்கொண்டிருக்கிறாள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிரிப்பு நின்றது.

ஸ்விட்சை அணைத்த மாதிரி. மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மனைவி அடுப்படிக்குள் போனாள். அம்மா மட்டும், "என்னப்பா, வண்டி சத்தமே கேக்கல?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. ஆணியைவிட ஆழமாக. அதாவது, தினமும் என் வண்டிச் சத்தம் கேட்ட உடனே இந்த வீடு 'தயார்' ஆகிவிடுகிறது. டி.வி. அணைகிறது, சிரிப்பு அடங்குகிறது, ஆளுக்கொரு வேலை கைக்கு வருகிறது. நானும் இத்தனை வருஷமாக, 'ஆஹா, என்ன ஒழுங்கான குடும்பம்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒழுங்கு இல்லை சார், சைரன்!

ராத்திரி மனைவியிடம் கேட்டேன். "பாப்பா யாரை மிமிக்ரி பண்ணிட்டிருந்தா?"

"விடுங்க."

"சும்மா சொல்லேன்."

"கோபப்படக் கூடாது."

"படமாட்டேன்."

"உங்களைத்தாங்க. 'இந்த வீட்ல ஒரு சாமான் வெச்ச எடத்துல இருக்காதா?'னு கத்துவீங்கல்ல... அது."

கோபம் வந்தது. சரியாக இரண்டு வினாடி. அப்புறம் வெட்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

எட்டேகால் யுத்தம்

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் நான் சாதுவான ஆள். பகலில் ஷூ எக்ஸ்போர்ட் கணக்கு, ராத்திரியில் பத்திரிகைக்கு எழுத்து. ஐரோப்பாவிலிருந்து பையர் போனில் கூப்பிட்டு, 'ஷேடு மாறிப்போச்சு, ஷிப்மென்ட் லேட்' என்று வறுத்தெடுப்பார். நான் வெண்ணெய் மாதிரி பேசுவேன். பேங்கில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்றாவது தடவையாக 'நாளைக்கு வாங்க' என்றாலும், 'பரவால்ல சார்' என்று சிரிப்பேன். இவ்வளவு பொறுமையையும் காலையிலிருந்து சேர்த்துவைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சட்டையில் பட்டன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மொத்தமாகச் செலவழித்துவிடுவேன்.

பரம்பரையாக நாங்கள் லுத்தரன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். "ஒரு வாரம்கூட டயத்துக்குக் கெளம்ப மாட்டீங்களா?" என்பது போர்முழக்கம். எட்டரைக்கு சர்ச் வாசலில் அதே வாய், அதே நாக்கு, "தோத்திரங்க ஐயா!" என்று தேனாக வழியும். நடுவில் பதினைந்து நிமிஷம். ஆண்டவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டும் வேறு வேறு ஆள் என்றுதான் நினைத்திருப்பார்.

நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவரோ, கோயிலுக்குப் போகிறவரோ, மசூதிக்குப் போகிறவரோ, எங்கேயும் போகாதவரோ... கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எட்டேகால் எத்தனை மணிக்கு?

குதிரைக்குச் சொன்ன வார்த்தை

பைபிளில் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைப் பட்டியல் போடுகிறார். அதில் எட்டாவது சாந்தம். சாந்தம் என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். அப்படி இல்லையாம். மூல கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'பிராவுடேஸ்'. இதே குடும்பத்துச் சொல்லை, பழைய கிரேக்க எழுத்தாளர் ஸெனபோன் நன்றாகப் பழக்கப்பட்ட குதிரைக்குப் பயன்படுத்துகிறார். குதிரைக்குப் பலம் குறையவில்லை. கடிவாளத்துக்குக் கட்டுப்படுகிறது, அவ்வளவுதான். அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சாந்தன் என்றால் கோபமே வராதவன் இல்லை. தக்க ஆளிடம், தக்க காரணத்துக்கு, தக்க நேரத்தில், தக்க அளவில் கோபப்படத் தெரிந்தவன் என்கிறார். நாம் கோபப்படுவது பையரிடம் வந்த காரணத்துக்காக, கொட்டுவது மனைவியிடம். அரிஸ்டாட்டில் கணக்கில் நாலுக்கு நாலும் ஃபெயில்.

பவுலின் இன்னொரு கடிதத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். கொலோசெயர் மூன்றாம் அதிகாரம். இரக்கம், தாழ்மை, சாந்தம், பொறுமை என்று உடையைப் போல் அணியச் சொல்லிக்கொண்டே வருகிறார். பட்டியல் முடிந்து சில வரிகளில் எங்கே போகிறார் தெரியுமா? ஆபீஸுக்கு இல்லை. தெருவுக்கு இல்லை. நேராக வீட்டுக்குள்! கணவர்கள் மனைவியிடம் கசப்பைக் காட்டக் கூடாது, தகப்பன்மார் பிள்ளைகளை எரிச்சலூட்டி மனம் சோரவைக்கக் கூடாது என்கிறார். பரீட்சை மையம் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம்ம வள்ளுவரும் விடவில்லை. வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளே இந்த விஷயம்தான். கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். எம்.டி.யிடம் நான் காட்டிய பொறுமை எல்லாம் வள்ளுவர் கணக்கில் செல்லாத நோட்டு. அங்கே கோபப்பட்டால் வேலை போய்விடும் என்பதால் வந்த பொறுமை அது. என் கோபம் பலிக்கிற ஒரே இடம் என் வீடு.

'எப்போதும்' என்பதுதான் கஷ்டம். மோசேயைப் பாருங்கள். பூமியிலேயே மிகுந்த சாந்தமுள்ளவர் என்று பைபிளே சர்டிபிகேட் கொடுத்த மனிதர். எகிப்திலிருந்து கூட்டிவந்த ஜனங்கள் வருஷக்கணக்காக முணுமுணுத்ததைத் தாங்கினார். ஒரு நாள், தண்ணீர் இல்லை என்று அவர்கள் மறுபடி ஆரம்பித்தபோது, பொறுமை போய்விட்டது. பேசச் சொன்ன பாறையைக் கோலால் இரண்டு முறை அடித்தார். வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழையும் பாக்கியம் போயிற்று. அதுவும் வெளியாளிடம் இல்லை, சொந்த ஜனத்திடம் வந்த கோபம்!

பத்திரிகைக்காரர்களின் புனிதர்

இந்த நேரத்தில்தான் பிரான்சிஸ் டி சேல்ஸ் என்பவர் கையில் சிக்கினார். லுத்தரன் வீட்டுப் பையன் கத்தோலிக்கப் புனிதரைப் பற்றி எழுதலாமா? எழுதலாம். ஏனென்றால் எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் பாதுகாவலராக 1923-ல் போப் பதினோராம் பயஸ் அறிவித்தது இவரைத்தான். ஆக, எனக்கும் ஒரு வகையில் மேலதிகாரி.

1567-ல் இன்றைய பிரான்ஸின் சவாய் பகுதியில் பிறந்தவர். 1602-ல் ஜெனீவாவின் பிஷப் ஆனார். ஆனால் ஜெனீவா அப்போது கால்வின் வழி நடந்த புராட்டஸ்டன்ட் நகரம். அதனால் பக்கத்து ஆன்சி நகரத்தில் இருந்துகொண்டு வேலை பார்த்தார். இளம் குருவாக இருந்தபோது பிரசங்கம் கேட்க ஆள் வரவில்லை என்றதும், எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தவர். இன்றைய பிட் நோட்டீஸ் டெக்னிக்!

இயல்பில் இவர் கோபக்காரர் என்றுதான் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பல வருஷம் தன்னோடு மல்லுக்கட்டித்தான் அந்த சாந்தத்தைச் சம்பாதித்தார். ஒருவர் வந்து கண்டபடி திட்டியபோது ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, மனசு கொதிக்கும்போது பேசுவதில்லை என்று நாக்கோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்றாராம்.

1609-ல் அவர் வெளியிட்ட 'பக்தி வாழ்வுக்கு முன்னுரை' என்ற புத்தகம் சாமியார்களுக்கு எழுதியது இல்லை. குடும்பம், உத்தியோகம் என்று இருக்கிறவர்களுக்கு எழுதியது. அதில் சாந்தத்துக்கு ஒரு தனி அத்தியாயம். அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். வெளியாட்களிடம் மட்டும் இனிமை காட்டினால் போதாது. தெருவில் தேவதூதனாகத் தெரிந்து வீட்டில் பிசாசாக இருப்பவர்கள் இந்தக் குணத்தில் தோற்றவர்கள் என்கிறார். நானூறு வருஷத்துக்கு முன்னால், ஆம்பூரையே பார்க்காத ஒரு மனிதருக்கு என் வீட்டு அட்ரஸ் எப்படிக் கிடைத்தது?

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. டேனரியில் சூப்பர்வைசர். அவர் காலமானபோது வீட்டு முன்னால் கூட்டம். "தங்கமான மனுஷன்பா. ஒரு சுடுசொல் சொன்னதில்ல" என்று ஒருவர் அழுதார். இன்னொருவர், "எங்களை எல்லாம் பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிட்டாரு" என்றார். நானும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? எங்களுக்குத் தெரிந்த அப்பாவின் கையில் பெல்ட் இருந்தது. அந்தத் தங்க மனுஷனை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தவே இல்லை. கெட்டவர் இல்லை அவர். எங்களுக்காகத்தான் உழைத்துத் தேய்ந்தார். ஆனால் நல்ல பகுதியை வெளியில் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வீட்டுக்கு வந்தார்.

என்றைக்காவது ஒருநாள், என் வீட்டு வாசலில் யாராவது, "சாதுவான மனுஷன்பா" என்று சொல்லும்போது, என் மகளும் அப்படித் திரும்பிப் பார்ப்பாளோ?

திருப்பத்தூர் சொல்லும் பாடம்

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வழியாக பஸ் ஏறினால் திருப்பத்தூர். இப்போது எங்கள் மாவட்டத் தலைநகர். 2019-ல் வேலூரைப் பிரித்தபோது வந்தது. அங்கே 1951-ல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி, இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நடத்துபவர்கள் சலேசியர்கள், அதாவது டான் பாஸ்கோ சபையினர். 'சலேசியர்' என்ற பெயரே அந்த டி சேல்ஸிடமிருந்து வந்ததுதான். தன் சபைக்கு ஏன் இந்த சாந்தமான மனிதரின் பெயரை வைத்தார் டான் பாஸ்கோ?

1815-ல் இத்தாலியில் பிறந்த ஏழை விவசாயி மகன் அவர். ஒன்பது வயதில் கண்ட ஒரு கனவை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மைதானத்தில் பையன்கள் கெட்ட வார்த்தை பேசிச் சண்டை போடுகிறார்கள். இவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு பாய்கிறார். அப்போது கண்ணியமான ஒருவர் தோன்றி, அடித்து அல்ல, சாந்தத்தாலும் அன்பாலும் இவர்களை நண்பர்களாக்கு என்கிறார். பின்னாளில் டூரின் நகரத்துத் தெருவில் திரிந்த பையன்களைச் சேர்த்து அவர் செய்தது அதைத்தான். 1859-ல் சபை, 1877-ல் தன் முறையை எழுத்தில் வைத்தார். பகுத்தறிவு, சமயம், பாசம் என்று மூன்று கால் முக்காலி. அடித்துத் திருத்துவதைவிட, தப்பு நடக்காதபடி கூடவே இருப்பது என்பது சுருக்கம்.

1884-ல் ரோமிலிருந்து தன் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது. நேசிக்கப்படுகிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கேதான் நம்ம வக்கீல் வாதம் எல்லாம் அடிபடுகிறது. "நான் யாருக்காக இப்படி ஓடறேன்? உங்களுக்காகத்தானே!" என்கிறோம். உண்மைதான். ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறோம், எல்.ஐ.சி. கட்டுகிறோம். ஆனால் சர்டிபிகேட் வாங்க வேண்டியது எதிர்த்தரப்பிடம். அவர்களுக்கு அது தெரியவில்லை என்றால், கணக்கில் அது வரவு ஆகாது. பி.காம். முதல் வருஷப் பாடம்!

வலி தெரியாத கை

எங்கள் பக்கத்திலிருந்தே இன்னொரு கதை. பால் பிராண்ட் என்ற டாக்டர், கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். கை மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்திப் பிடியுங்கள் என்றார். பலம் இருக்காது என்று நினைத்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. நகம் சதையில் பதிந்தது. பிடித்தவருக்கோ, தான் வலிக்கவைக்கிறோம் என்பதே தெரியவில்லை. கையில் உணர்ச்சி இல்லை. ஆனால் பலம் இருந்தது!

அந்த ஒரு பிடிதான் திருப்புமுனை. கையில் இன்னும் நல்ல தசைகள் இருக்கின்றன என்று தெரிந்து, நரம்பு செத்த விரல்களுக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சைகளை வேலூரில் ஆரம்பித்தார். விரல்கள் குறைந்துபோவது நோய் 'தின்பதால்' அல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களால் என்று காட்டினார். சாவியைத் திருப்பும்போது, மண்வெட்டியைப் பிடிக்கும்போது எவ்வளவு பலம் போதும் என்று நமக்குச் சொல்வது வலிதான். அது இல்லாதவர், தெரியாமலே தேவைக்கு மேல் அழுத்திவிடுகிறார். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955-ல் வந்த ஆராய்ச்சி மருத்துவமனையில் இந்த வேலை வளர்ந்தது. (தொழுநோய் இன்று மாத்திரையில் முழுசாகக் குணமாகிற வியாதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அந்த நோயாளிக்கு உணர்ச்சி போனது ஒரு கிருமியால். அவர் மேல் தப்பே கிடையாது. நமக்கு? பழக்கத்தால்! புது ஆளிடம் பேசும்போது அவர் முகம் சுருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறோம். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனைவியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை. நகம் பதிவது தெரியவில்லை. 'நான் என்ன அப்படி சொல்லிட்டேன்?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி நிஜமானது. நிஜமாகவே தெரியவில்லை.

பேரேடு சொன்ன உண்மை

கணக்குக்காரன் வேறென்ன செய்வான்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டே-புக் போட்டேன். தேதி, நேரம், யாரிடம், என்ன காரணம், என்ன சொன்னேன். ஒரு மாசம். மனைவிக்குத் தெரியாமல்தான். (தெரிந்தால் ஆடிட் நடக்கும்!)

மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 23 என்ட்ரி. ஆபீஸில் 2. வீட்டில் 21. அந்த 21-ல் 13, சாயங்காலம் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். காரணம் என்ற பத்தியைப் படித்தால் எனக்கே சிரிப்பு: சீப்பு, சார்ஜர், காபியில் சர்க்கரை, 'எதுவும் இல்லை'. நிஜக் காரணம் அந்தப் பத்தியிலேயே இல்லை. பசி, டிராஃபிக், பையர் போன்!

வழி என்ன? பெரிய தவம் எல்லாம் இல்லை. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகள் வாக்குவாதம் செய்வதை வீடியோ எடுத்து வருஷக்கணக்காக ஆராய்ந்தார். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் 124 புதுமணத் தம்பதிகள். அவர்களுடைய வாக்குவாதத்தின் முதல் 3 நிமிஷம் எப்படி இருந்தது என்பதைக் கொண்டே, ஆறு வருஷத்துக்குள் பிரிகிறவர்கள் யார் என்று கணிக்க முடிந்தது. கடுமையாக ஆரம்பித்தால் கடுமையாகத்தான் முடிகிறது. நெஞ்சு படபடவென்று நிமிஷத்துக்கு நூறைத் தாண்டி அடிக்கும்போது காதில் எதுவும் ஏறாது, குறைந்தது இருபது நிமிஷம் விலகி இருங்கள் என்பதும் அவர் யோசனை. டி சேல்ஸின் நாக்கு ஒப்பந்தத்துக்குக் கிடைத்த லேப் ரிப்போர்ட்!

ஆகவே நான் போட்ட ஒப்பந்தம்: பைக்கை நிறுத்தியதும் உடனே உள்ளே போவதில்லை. தெருமுனை டீக்கடையில் ஒரு டீ, ஒரு பன். பசி பாதி அடங்கும். பையர் பாதி மறப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியம் கேள்வியாகவோ குற்றமாகவோ இருக்கக் கூடாது. முதல் வாரம் என்ன பேசுவது என்றே தெரியாமல், "இன்னிக்கு நல்ல வெயில்" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்படியும் தவறும். தவறியது. ஒரு வியாழக்கிழமை, ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்த விஷயத்தில், மகளிடம் பழைய குரலில் கத்திவிட்டேன். டி சேல்ஸ் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். கோபப்பட்டது தெரிந்த உடனே, அதே ஆளிடம், அன்பான ஒரு செயலால் சரிசெய்துவிடு. காயம் பச்சையாக இருக்கும்போதே ஆற்றுவது சுலபம் என்கிறார். கோபப்பட்டுவிட்டோமே என்று நம்மேலேயே கோபப்படுவதும் கூடாதாம். அது அடுத்த கோபத்துக்கு அட்வான்ஸ்.

பத்து நிமிஷம் கழித்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா கத்தினது தப்பும்மா. மன்னிச்சிரு" என்றேன். என் அப்பா என்னிடம் சொல்லாத வார்த்தை அது. எனக்கு உச்சரிக்கவே கஷ்டமாக இருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவால்லப்பா" என்றாள். அப்புறம், "அப்ப டி.வி. போடலாமா?" என்றாள். வியாபாரி பரம்பரை இல்லை என்றாலும் ஆம்பூர்க்காரி!

தோலும் மனசும்

இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தோல் உதாரணம் இல்லாமல் முடியாது. பச்சைத் தோல் காய்ந்தால் பலகை. ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, குரோமிலோ பட்டையிலோ பதனிட்டு, சாயம் ஏற்றி... இவ்வளவும் செய்துவிட்டு எண்ணெய் ஏற்றுகிற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டால்? காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும், மடித்தால் வெடிக்கும். எண்ணெய் இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால்தான் தோல் துணி மாதிரி மடியும். மடிவதால் அது பலவீனமான தோல் இல்லை. ஷூவின் மேல்புறத்துக்குப் போவது அதுதான். மடியாத தோல்தான் முதலில் கிழிகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சாந்தம் என்ற வார்த்தையைக் காட்டி, வீட்டுப் பெண்களை வாயை மூடவைக்கிற வேலை நம் ஊரில் நிறைய நடக்கிறது. 'நீ பொறுத்துப் போம்மா.' அது சாந்தம் இல்லை. பலம் யார் கையில் இருக்கிறதோ அவர் காட்ட வேண்டியதுதான் சாந்தம். அடி வாங்குகிறவர் பொறுத்துக்கொள்வதற்கு வேறு பெயர். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, பெயர் வைத்துத் திட்டுவது இவற்றையும் சொல்கிறது. உதவி வேண்டிய பெண்களுக்கு 181 என்ற எண் இருக்கிறது. கோயில் கடைத்தெருவிலிருந்து காசுக்காரர்களை விரட்டியவரும் அதே இயேசுதான். அவர் விரட்டியது பலவான்களை. குழந்தைகளை இல்லை.

போன சனிக்கிழமை. பைக்கை வாசலில் நிறுத்தினேன். சத்தம் தெளிவாகக் கேட்டிருக்கும். சைலென்சரில் சின்ன ஓட்டை வேறு. உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. மகள் ஏதோ சொல்ல, மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். சிரிப்பு நிற்கவில்லை.

உள்ளே போனேன். சீப்பு வைத்த இடத்தில் இல்லை. ரிமோட் தரையில். தலையணை சோபாவுக்குக் கீழே. டி.வி. சத்தத்தில் காது அடைத்தது. உள்ளுக்குள் பழைய ஆள் எழுந்து சோம்பல் முறித்தான்.

"இன்னிக்கு நல்ல வெயில்" என்றேன்.

மகள் மனைவியைப் பார்த்தாள். மனைவி மகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புது மிமிக்ரிக்கு மேட்டர் கிடைத்துவிட்டது.